ஏழாம் நாள் என்று எழுதப்பட்ட படம்

என் ஆராய்ச்சி வழிகாட்டியான மேடம், நான் செல் வளர்த்துவந்த பன்னிரண்டு தட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பிளீச்சிங் கரைசல் இருந்த நீல வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். காலை பத்தரை மணி. செல் வளர்ப்பு அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஸ்டோரிலிருந்து வாங்கி வந்த கையுறைப் பெட்டியோடு நான் நின்றிருந்தேன். அவர் அவசரப்படவில்லை. ஒரு தட்டை எடுத்தார், மூடியைத் தூக்கினார், வாளியின் மேல் சாய்த்தார், காலித் தட்டைக் குப்பைப் பையில் போட்டார், அடுத்ததை எடுத்தார். இளஞ்சிவப்பு ஊட்டக் கரைசல் வாளிக்குள் விழுந்து சற்று நேரத்தில் வெளுத்துப்போனது. கடைசித் தட்டும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "பூஞ்சை புடிச்சிருச்சுங்க. இன்குபேட்டர்ல வெச்சிருந்தா மத்தவங்களுதும் கெட்டுப்போகுமுங்க. நாந்தான் கொட்டிட்டனுங்க" என்றார்.

பூஞ்சை இல்லை. அன்று காலை எட்டு மணிக்கு நுண்ணோக்கியில் ஒவ்வொரு தட்டையும் பார்த்திருந்தேன். கரைசல் தெளிவாக இருந்தது. அது அந்தச் செல்களுக்கு ஆறாம் நாள். மறுநாள் ஏழாம் நாள். ஏழாம் நாள் வரக்கூடாது என்பதற்காகத்தான் அவர் அந்த வேலையைத் தன் கையால் செய்தார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். எதிரெதிரே நின்று அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசாமல் இருந்தோம்.

இங்கே அந்த 'ங்க'வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அது மரியாதை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் ஆள்முதல் மணமேடையில் நிற்கும் சம்பந்திவரை அதைச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டார்கள். மேடமும் நாமக்கல் பக்கம் தோட்டமும் கோழிப்பண்ணையும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் என்னிடம் முதல் இரண்டு வருடம் அவர் 'ங்க' போட்டதில்லை. "வா சாமி", "சாப்புட்டியா சாமி" என்றுதான் பேசுவார். என்றைக்கு எனக்கு 'ங்க' போட ஆரம்பித்தாரோ அன்றைக்கே என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை அவமானப்படுத்தியதில்லை.

நான் குமாரபாளையத்துக்காரி. தாத்தா காலத்தில் தறி. அப்பா காலத்தில் அது ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறையாகிவிட்டது. துண்டு, பை, பனியன் என்று எது வந்தாலும் அச்சடித்துக் கொடுப்போம். பள்ளிக்கூட விடுமுறையில் எனக்கு எக்ஸ்போஸ் வேலைதான். மெல்லிய வலைத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன் மேல் மஞ்சள் பசையைப் பூசி, இருட்டறையில் காயவைத்து, வேண்டிய படம் அச்சான பிலிமை அதன் மேல் வைத்து, கீழிருந்து ஊதா விளக்கைப் போட வேண்டும். வெளிச்சம் பட்ட இடத்தில் பசை கெட்டியாகிவிடும். பிலிமின் கறுப்பு மறைத்த இடத்தில் இளகியே இருக்கும். தண்ணீரைப் பீய்ச்சினால் இளகியது கரைந்து போய்ப் படம் திறந்துகொள்ளும். விளக்கை அரை நிமிடம் முன்னால் அணைத்தால் எல்லாமே கழுவிக்கொண்டு போகும். அரை நிமிடம் தாமதித்தால் மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்ளும். இந்தக் கணக்கு எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே கைக்கு வந்துவிட்டது.

உயிரித் தொழில்நுட்பம் படித்துவிட்டு நாமக்கல் அருகே ஒரு தனியார் கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, மேடத்தின் ஆய்வகத்தில் நடந்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய இதே வேலைதான் என்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெலட்டினைச் சற்று மாற்றியமைத்தால் வெளிச்சத்தில் உறையும் குணம் அதற்கு வந்துவிடும். வெளிச்சம் பட்டதும் வேலையைத் தொடங்கிவைக்கும் ஒரு மருந்தை அதில் துளி கலந்து, உயிருள்ள செல்களையும் கலந்து, கண்ணாடித் துண்டின் மேல் பரப்பி, கோடு கோடாக அச்சிட்ட பிலிமை வைத்து நீல ஒளியைக் காட்டுவோம். ஒளி பட்ட கோடுகள் மட்டும் ஜெல்லாக உறையும். மற்றது கழுவினால் போய்விடும். மிச்சம் நிற்பது தண்ணீரால் ஆன வரப்புகள் மாதிரி இருக்கும். உள்ளே செல்கள் அடைபட்டிருக்கும். கோழிக்குஞ்சுக் கருவின் தொடையிலிருந்து எடுத்த தசைச் செல்களைத்தான் நாங்கள் பயன்படுத்தினோம். அகலமான இடத்தில் விட்டால் அவை கண்டபடி கிடக்கும். குறுகிய கோட்டுக்குள் விட்டால் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, உண்மையான தசைநார் மாதிரி வரிசைகட்டும். அடிபட்டுத் தசை போனவர்களுக்கு என்றைக்காவது இது உதவும் என்பதுதான் ஆராய்ச்சியின் நோக்கம். கருமுட்டைக்கு எங்களுக்குப் பஞ்சமே இல்லை. எருமப்பட்டிச் சாலையில் இருந்த குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வாரம் ஒருமுறை அட்டையில் வைத்து நானே வாங்கி வருவேன்.

நான் சேர்வதற்கு முன் ஒரு வருடமாக அங்கே யாருக்கும் கோடு விழவில்லை. உறைந்தால் மொத்தமாக உறைந்து பாளமாகிவிடும், இல்லையென்றால் எல்லாம் கரைந்து போகும். நான் போய் மூன்றாம் வாரம் பிலிமைத் திருப்பி வைத்தேன். அச்சு மை இருக்கும் பக்கம் ஜெல்லை ஒட்டி இருக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக வைத்தால் பிலிமின் கனத்துக்குள்ளேயே வெளிச்சம் சிதறி ஓரம் கலைந்துபோகும். எங்கள் பட்டறையில் நேற்று வேலைக்கு வந்தவருக்குக்கூட இது தெரியும். விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த தூரத்தையும் மாற்றினேன். அன்று மதியம் நுண்ணோக்கியில் பதினெட்டுக் கோடுகள், உழுத காடு மாதிரி, வரிசையாக நின்றன. மேடம் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. பிறகு என் தோளில் கை போட்டு, "எங்கடா இருந்த சாமி இத்தன நாளா?" என்றார். அன்றைய சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. அதை அவர் எனக்குக் கொடுத்தார் என்பதையும்தான். பின்னால் நடந்ததை அது இன்னும் மோசமாக்குகிறதே தவிர, குறைக்கவில்லை.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது என்று இப்போது யோசித்தால், கோட்டின் அகலத்தில்தான். நான் போட்ட கோடுகள் தடிமனானவை. இன்னும் மெலிதாக, முடியை விடவும் மெலிதாக வேண்டும் என்றார் மேடம். மெலிந்த கோடு கழுவும்போது பிய்ந்துவிடாமல் இருக்க வேண்டுமானால் அதிக வெளிச்சம் காட்ட வேண்டும், அந்த மருந்தையும் அதிகம் கலக்க வேண்டும். அப்படிச் செய்து பார்த்தேன். கோடு கத்தியால் கீறியது போல நின்றது. ஆனால் உள்ளே இருந்த செல்கள் அந்த வெளிச்சத்தைத் தாங்கவில்லை. உயிரோடு இருக்கும் செல் பச்சையாகவும், செத்த செல் சிவப்பாகவும் ஒளிரும்படி சாயம் ஊற்றிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. முதல் நாள் எல்லாம் பச்சை. மூன்றாம் நாள் பாதி சிவப்பு. ஐந்தாம் நாள் கோடு முழுக்கச் சிவப்பு, மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி. தடித்த கோடுகளிலோ ஏழாம் நாளும் பச்சை இருந்தது. எனக்கு இதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. செல் எவ்வளவு வெளிச்சம் தாங்கும், கோடு எவ்வளவு மெலியலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைக் கண்டுபிடித்துச் சொன்னாலே நல்ல ஆராய்ச்சி. அதை மேடத்திடம் சொன்னேன். "எல்லை எங்க இருக்குதுன்னு கேக்க யாருக்குச் சாமி நேரமிருக்குது?" என்றார். கல்லூரியின் தாளாளரிடமும் பார்வையிட வந்த குழுவிடமும் அவர் ஏற்கனவே சொல்லியிருந்தார், மயிரிழைக் கோட்டில் ஏழு நாள் செல்லை உயிரோடு வைத்திருக்கிறோம் என்று. எனக்கு அது அப்போது தெரியாது.

தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கட்டுரையின் வரைவை அச்சிட்டு, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான்காவது படம், மெல்லிய கோடுகள், எல்லாம் பச்சை, அடியில் 'ஏழாம் நாள்' என்று இருந்தது. படத்தின் வலது மேல்மூலையில் ஒரு காற்றுக்குமிழ். அவரைக்கொட்டை வடிவம், ஒரு பக்கம் சற்று நசுங்கியது. அந்தக் குமிழை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் படத்தை எடுத்தவள் நான். அந்தக் குமிழ் வந்துவிட்டதே என்று அன்றைக்குச் சலித்துக்கொண்டதும் நான்தான். கணினியில் மூலப்படத்தைத் தேடி எடுத்தேன். அது முதல் நாள் படம். செல்களை ஜெல்லில் அடைத்த மூன்றாவது மணி நேரத்தில் எடுத்தது.

வரைவையும் மூலப்படத்தையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். தவறுதலாக மாறியிருக்கும் என்றுதான் அந்தப் படிக்கட்டு ஏறும்வரை நம்பினேன். "மேடம், இந்தப் படம் மாறிப் போயிருச்சுங்க. இது மொத நாள் எடுத்தது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாறல" என்றார். எனக்குப் புரியவில்லை. "மெல்லிசுக் கோட்டுக்கு ஏழாம் நாள் நம்மகிட்ட படமே இல்லீங்களே மேடம். அஞ்சாம் நாளே எல்லாம் செத்துருச்சுங்களே" என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு முதல்முறையாக அந்த 'ங்க' வந்தது. "நீங்க படிச்சது பயோடெக்குங்களா, போலீஸ் வேலைங்களா?"

அதற்குப் பிறகுதான் அந்தப் பன்னிரண்டு தட்டுகள். ஆறில் மெல்லிய கோடு, ஆறில் தடித்த கோடு. ஒரே அட்டை முட்டைகளிலிருந்து எடுத்த செல்கள், ஒரே நாள், ஒரே விளக்கு. ஏழாம் நாள் எல்லாவற்றையும் படமெடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டால் பேச்சுக்கே இடமிருக்காது என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சான்று இருந்தால் போதும், மனிதர்கள் தலையாட்டிவிடுவார்கள் என்று நம்பும் வயது. அவர் என்னைவிட விவரமானவர். சான்றே உருவாகாமல் பார்த்துக்கொண்டார். மறுநாள் முதல் செல் வளர்ப்பு அறையின் சாவி எனக்குக் கிடைக்கவில்லை. துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "சுத்தபத்தமா வேல செய்யத் தெரியாதவங்க கொஞ்ச நாள் தள்ளி இருக்கட்டுமுங்க. இது துண்டு அச்சடிக்கிற பட்டறை இல்லீங்களே" என்று சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களின் முகங்களும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

இதுவரை எழுதியதில் நான் நல்லவள். இனி எழுதுவதில் இல்லை. ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை போனால், அதில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் தம் சம்மதத்தைத் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும். என் பெயர் இரண்டாவதாக இருந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். மேசையின் ஒரு பக்கம் அவருடைய கணினியில் அந்தச் சம்மதப் பக்கம் திறந்திருந்தது. இன்னொரு பக்கம் அவர் கையெழுத்துக்காக மூன்று மாதமாகக் காத்துக் கிடந்த என் ஆய்வேட்டுக் கோப்பு. "ரெண்டுல எது மொதல்ல முடியோணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். குரலில் கோபமில்லை. துணிக்கடையில் இரண்டு சேலையை விரித்துக்காட்டிக் கேட்பவர் மாதிரி கேட்டார். நான் நெடுநேரம் யோசித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. மவுஸைப் பிடித்து அழுத்தினேன். அவர் கோப்பை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தப் படம் என் ஆய்வேட்டிலும் ஓர் அத்தியாயத்தில் உட்கார்ந்துகொண்டது, அடியில் 'ஏழாம் நாள்' என்ற எழுத்தோடு. எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. அப்பா பட்டறையில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். இரண்டு தின்றேன்.

பிறகு திருச்செங்கோடு பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. ஆய்வகம் இல்லை, வகுப்பு மட்டும்தான். மேடத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டே நான் நிம்மதியாக இருந்தேன். அடுத்தவரைத் திட்டிக்கொண்டிருக்கும்வரை நம்மைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. நான்கு வருடம் அப்படி ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெண் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். ஆத்தூர்க்காரி, சேலத்தில் வேறொரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவள். முன்னாள் மாணவர்களிடம் விசாரித்து முகவரி வாங்கியிருக்கிறாள். மெலிந்த உடம்பு, தோளில் பெரிய பை. பைக்குள் தடித்த கோப்பு. உட்காரச் சொன்னதும் கோப்பைத்தான் முதலில் மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, உங்க கட்டுரையைத்தான் நான் அடிப்படையா எடுத்துக்கிட்டேன்" என்றாள். "ரெண்டு வருஷமாச்சு. அதே ஜெல்லு, அதே வெளிச்சம், அதே நேரம். கோடு விழுந்துடுதுக்கா. ஆனா மூணாவது நாளே எல்லாம் செவப்பாயிடுது. விளக்க மாத்திப் பார்த்தேன், மருந்த மாத்திப் பார்த்தேன். எங்க சார் என் கைதான் சரியில்லங்கிறார். எனக்கும் அப்படித்தான் தோணுது. வீட்டுல போதும் நிறுத்திடுங்கிறாங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவ கேட்டுடலாம்னு வந்தேன். உங்களுக்கு மட்டும் ஏழு நாள் எப்படிக்கா உயிரோட இருந்துச்சு?"

அவள் கோப்பைத் திறந்து காட்டினாள். பக்கம் பக்கமாகச் சிவப்புப் படங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன எழுத்தில், தான் எங்கே தவறு செய்திருக்கக்கூடும் என்று அவளே எழுதிவைத்திருந்தாள். 'கழுவும்போது கை நடுங்கியது.' 'கருசல் சூடு அதிகம்?' கரைசல் என்பதைக் கருசல் என்று அவசரத்தில் தப்பாக எழுதியிருந்தாள். அந்தப் பிழை என்னை ஏனோ மிகவும் வதைத்தது. கோடுகள் மிக அழகாக இருந்தன. என்னுடையதைவிட நன்றாக. அப்போதும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, 'வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துப் பாரம்மா' என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்று தோன்றியது. பக்கத்துப் பட்டறையில் அச்சடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கலம்மா" என்றேன். "எனக்கும் மூணாவது நாளே பாதி செவப்பாச்சு. அஞ்சாம் நாள் எல்லாம் முடிஞ்சிருச்சு. அந்தப் படம் மொத நாள் எடுத்தது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுகூட நினைத்திருப்பேன். அவள் கோப்பை மூடினாள். ரப்பர் பட்டையை நிதானமாக மாட்டினாள். "அப்ப எதுக்கு எழுதினீங்க?" என்றாள். நான் மேடத்தைப் பற்றி, சாவியைப் பற்றி, கையெழுத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கடைசிவரை கேட்டாள். அம்மா கொண்டுவந்து வைத்த காபியை அவள் தொடவில்லை. எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சரிங்க மேடம், நான் வர்றேன்" என்றாள்.

அக்கா என்று வந்தவள் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். மேடத்தின் மேல் நான் நான்கு வருடமாக வளர்த்துவந்த வெறுப்பில் ஒரு பங்கு எனக்கும் சேர வேண்டியது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அன்று மதியமே உட்கார்ந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். முதல் வரியில் என் பெயரையும், அந்தப் படம் பொய் என்று தெரிந்தே நான் சம்மதம் கொடுத்ததையும் எழுதினேன். மூலப்படத்தையும், என் குறிப்பேட்டின் மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் பக்கங்களையும் இணைத்தேன். ஏழாம் நாள் பற்றி இணைக்க என்னிடம் ஒன்றுமில்லை, வாளியைத் தவிர. அதையும் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து மேடம் எங்கள் பட்டறைக்கே வந்தார். காரை விட்டு இறங்கி, மை வாசனைக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அச்சு மேசைகளுக்கு நடுவே நேராக என்னிடம் வந்தார். நாற்காலி போடச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்க பேரும் அதுலதான் இருக்குதுங்க. முழுகுனா ரெண்டு பேருந்தானுங்க முழுகோணும்."

"தெரியுமுங்க மேடம். எம் பேரத்தான் மொதல்ல எழுதி அனுப்பிச்சிருக்கேன்."

அவர் முகம் மாறியது. அடுத்துப் பேசியபோது குரல் உடைந்திருந்தது, ஆனால் தாழவில்லை. "நாமக்கல்லுல முட்டையும் லாரியும் தவிர என்ன இருக்குதுன்னு கேட்டானுங்க. ஒத்தப் பொம்பளையா நின்னு அந்த லேப்ப வாங்குனேன். ஒவ்வொரு மெஷினுக்கும் எத்தன பேரு முன்னால நின்னிருப்பேன்னு உனக்குத் தெரியுமா? ஏதாவது ஒண்ணக் காட்டுனாத்தான் அத மூடாம உடுவாங்க. ஒரு படம். ஒரே ஒரு படம். அதுக்கு யாரு செத்தா?" கோபத்தில் 'ங்க' போய்விட்டிருந்தது. நான் ஆத்தூர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய இரண்டு வருடத்தைப் பற்றி, தன் கையே சரியில்லை என்று அவள் எழுதிவைத்திருந்ததைப் பற்றி. மேடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவளுக்குத் திறமை பத்தல. அதுக்கு நானா பொறுப்பு?" என்றார்.

அவர் தனியாக நின்று அந்த ஆய்வகத்தை வாங்கினார் என்பது உண்மை. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவரை இளக்காரமாகப் பேசிய ஆண்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகு அந்த உண்மையால் என் மனம் ஒரு துளியும் இளகவில்லை. இன்றுவரை இளகவில்லை. "நீங்க போலாமுங்க மேடம். எங்களுக்கு வேல கெடக்குது" என்றேன். என் வாழ்க்கையில் ஒருவரை வாசலைக் காட்டி அனுப்பியது அது ஒன்றுதான்.

மேடத்தின் கல்லூரியில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. மூன்று பேர், நீள மேசை. மேடம் பழிவாங்கும் எண்ணம் என்றார். அதை நான் மறுக்கவில்லை. எண்ணம் எதுவாயினும் படத்தின் மூலக்கோப்பில் நாளும் நேரமும் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றேன். நான்கு வருடம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டார்கள். பட்டத்துக்காக என்றேன். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மேடம் துறைத் தலைவர் பொறுப்பிலிருந்து 'சொந்த விருப்பத்தின் பேரில்' விலகினார். பேராசிரியராகவே தொடர்ந்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். என் ஆய்வேட்டிலிருந்து ஓர் அத்தியாயத்தை நீக்கித் திருத்தி மறுபடியும் ஒப்படைக்கச் சொன்னார்கள். பட்டம் பிழைத்தது. வேலை பிழைக்கவில்லை. உங்களை மாதிரி ஆட்கள் இருந்தால் மற்ற ஆசிரியர்களுக்குச் சங்கடம் என்று சொல்லி, அடுத்த கல்வியாண்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை. இப்போது அப்பாவின் பட்டறையை நான்தான் நடத்துகிறேன். நன்றாகவே நடக்கிறது.

ஆத்தூர்ப் பெண் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. தன்னுடைய சிவப்புப் படங்களையே ஆய்வுப் பொருளாக மாற்றிக்கொண்டாள். எவ்வளவு மெலிந்த கோட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும், அந்த வெளிச்சத்தைச் செல் எத்தனை நாள் தாங்கும் என்று எல்லையைத் தேடிக் கண்டுபிடித்து எழுதினாள். பட்டமும் வாங்கினாள். இதெல்லாம் இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டது. அவள் என்னிடம் ஒருமுறைகூடப் பேசவில்லை. அவளுடைய ஆய்வேட்டின் நன்றியுரையை வரிவரியாகப் படித்தேன். என் பெயர் இல்லை. அவள் செய்தது சரி.

சென்ற ஆவணியில் நாமக்கல்லில் ஒரு திருமணம். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்தேன். அந்தக் கல்லூரியில் எங்களோடு வேலை பார்த்து முன்பே வெளியூர் போய்விட்டவர், இந்தக் கதையெல்லாம் தெரியாதவர், என்னைக் கண்டதும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். முன்வரிசை நாற்காலியில் மேடம் உட்கார்ந்திருந்தார். பட்டுச்சேலை, கையில் வெற்றிலை. முடி முழுக்க நரைத்திருந்தது. "மேடம், இவங்கள ஞாபகமிருக்குதுங்களா? உங்க ஸ்டூடண்ட்டுங்க" என்றார் அவர் உற்சாகமாக. மேடம் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கண் ஒரு நொடி என் முகத்தில் நின்றது. ஒரு நொடிதான். பிறகு, தெரியாதவர்களிடம் மட்டும் காட்டும் அந்தப் பளிச்சென்ற சிரிப்போடு, "இல்லீங்க. எத்தனையோ பேரு வந்தாங்க, போனாங்க. ஞாபகமில்லீங்க" என்றார்.

நாதஸ்வரம் சத்தமாக இருந்தது. நான் அவர் காதுக்குக் கேட்கும்படி குனிந்தேன்.

"எனக்கு இருக்குதுங்க மேடம்."